எட்டு நிமிடமும் பாட்டு தொலையாமல்: பனோரமா போட்டிக்கு ஸ்டீல்பான் இசைக்கோப்பு அமைப்பது எப்படி?

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குயின்ஸ் பார்க் சவானா என்றொரு பெரிய மைதானம் இருக்கிறது. கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு பனோரமா இறுதிச்சுற்று அங்கேதான் நடக்கும். எஃகு டிரம்மின் முகத்தில் ஸ்வரங்களை அடித்து அமைத்த ஸ்டீல்பான் என்ற வாத்தியத்தை வாசிக்கும் குழுக்களுக்காக 1963இல் தொடங்கிய போட்டி இது. பெரிய குழு என்றால் 120 பேர் வரை மேடையேறலாம். ஒரே ஒரு கலிப்ஸோ அல்லது சோகா பாட்டை (இரண்டும் அந்நாட்டுக் கார்னிவல் பாட்டு வகைகள்) எடுத்துக்கொண்டு எட்டு நிமிடத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும். ஒரு காலத்தில் பத்து நிமிடம் இருந்தது, பிறகு குறைத்தார்கள். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் முன்னால் தாள் இருக்காது. எல்லாம் மனப்பாடம்.

பாடகர் மூன்றரை நிமிடத்தில் பாடிய பாட்டை எட்டு நிமிடத்துக்குக் கொண்டுபோகும் வேலைதான் அரேஞ்சருடையது. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இதை ‘பாட்டை எவ்வளவு சிக்கலாக்கலாம்’ என்ற கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை உருமாற்றினாலும், கடைசி வரிசையில் நிற்கும் ரசிகர் எந்த நொடியிலும் பாட்டை அடையாளம் கண்டுகொள்ள முடிகிறதா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியை ஒட்டித்தான் வருகிறது.

முதலில் மதிப்பெண்

நீண்ட காலமாக வழக்கில் இருக்கும் பங்கீடு இது: இசைக்கோப்புக்கு 40, வாசிப்புக்கு 40, நாதத்துக்கு 10, தாளத்துக்கு 10. போட்டியை நடத்தும் பான் டிரின்பாகோ அமைப்பு விதிகளை அவ்வப்போது மாற்றும் என்பதால், அந்த ஆண்டின் விதித்தாளை வாங்கிப் படித்துவிட்டே பேனாவைத் தொடுங்கள். நேரம், ஆள் எண்ணிக்கை, குழு வகை மூன்றும் அதில் இருக்கும். லண்டன் நாட்டிங் ஹில், நியூயார்க் புரூக்ளின் பனோரமாக்களுக்கு விதிகள் தனி.

இசைக்கோப்புக்கும் வாசிப்புக்கும் சம மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். குழுவால் வாசிக்க முடியாத ஒன்றை எழுதினால் இரண்டு இடத்திலும் அடி விழும். எழுதியது நடுவர் காதுக்குப் போய்ச் சேராது, வாசித்ததும் தெளிவாக இருக்காது. 10 மதிப்பெண்தானே என்று நாதத்தையும் தாளத்தையும் ஒதுக்க வேண்டாம். முன்னணிக் குழுக்கள் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் நிற்கும்.

பான்களின் எல்லை தெரியாமல் எழுதாதீர்கள்

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. மேற்கத்திய இசையில் டெனர் என்றால் ஆண் குரலின் மேல் ஸ்தாயி. ஸ்டீல்பான் குழுவிலோ ‘டெனர்’தான் எல்லாவற்றிலும் உச்சத்தில் ஒலிப்பது, மெட்டு பெரும்பாலும் அதில்தான் வரும். ஒரே டிரம்தான் அது. வெளி வட்டத்தில் 12 ஸ்வரம், அடுத்த வட்டத்தில் அவற்றின் மேல் ஸ்தாயி 12, நடுவில் ஐந்து என 29 வரை இருக்கும். நடு ‘சி’யிலிருந்து இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேல்வரை போகும்.

1963இல் முதல் பனோரமாவை வென்ற நார்த் ஸ்டார்ஸ் குழுவின் தலைவர் ஆண்டனி வில்லியம்ஸ்தான் டெனரில் ஸ்வரங்களைச் சிலந்தி வலைபோல அடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். அந்த அடுக்கில் எந்த ஸ்வரத்தை எடுத்தாலும் ஒரு பக்கத்தில் அதன் பஞ்சமம் இருக்கும், மறுபக்கத்தில் அதன் சுத்த மத்யமம் இருக்கும். ஆகவே ஐந்தாம், நான்காம் தாவல்கள் கைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அரை ஸ்வரம் மட்டும் மேலே போக வேண்டுமென்றால் குச்சி கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் தாண்ட வேண்டும். கீபோர்டில் பக்கத்துக் கட்டையாக இருப்பது இங்கே நெடுந்தூரம். கீபோர்டில் யோசித்து எழுதிய ஓட்டங்கள் டெனரில் சிக்கிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

‘டபுள் செகண்ட்’ இரண்டு டிரம். ஒரு டிரம்மில் சி, டி, ஈ, எஃப் ஷார்ப் என முழு ஸ்வர இடைவெளியில் ஆறு ஸ்வரங்கள், மற்றதில் மீதி ஆறு, அவற்றின் மேல் ஸ்தாயிகளோடு. அரை ஸ்வர ஓட்டம் இதில் இடம், வலம் என மாறி மாறி விழும், கைக்கு எளிது. டபுள் டெனர், நான்கு டிரம் கொண்ட குவாட்ரோஃபோனிக், இரண்டு டிரம் கிட்டார் பான், மூன்றோ நான்கோ டிரம் கொண்ட செல்லோ, டெனர் பாஸ் என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். சிக்ஸ் பாஸில் ஆறு முழு டிரம், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்வரம், மொத்தம் 18. பி ஃபிளாட்டில் தொடங்கி மேல் ஈ ஃபிளாட்டோடு முடிந்துவிடும். நைன் பாஸில் 27. வாசிப்பவர் நடுவில் நின்று உடம்பைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். எழுதும்போது அந்த உடம்பு கண்முன் நிற்க வேண்டும்.

ஒருவருக்கு இரண்டே குச்சி, ஒரு நேரத்தில் இரண்டே ஸ்வரம். நான்கு ஸ்வரக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வேண்டுமென்றால் இரண்டு பகுதிக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடித்த ஸ்வரம் தானாக நீளாது. நீட்ட வேண்டுமானால் இரு குச்சியாலும் உருட்ட வேண்டும். சட்டென்று நிறுத்தவும் முடியாது, ரீங்காரம் தங்கும். அதனால் கீழ்ஸ்தாயியில் நெருக்கமான கார்டு போட்டால் குழம்பாகிவிடும். நடு ‘சி’க்கு ஒரு ஸ்தாயி கீழே போய்விட்டால் காந்தாரத்தை ஆதார ஸ்வரத்தின் மேல் வைக்காதீர்கள். அங்கே ஆதாரமும் பஞ்சமமும் போதும், மற்றவை மேலே இருக்கட்டும்.

120 பேரைப் பிரிக்க ஒரு மாதிரி: டெனர் 32, டபுள் டெனர் 12, டபுள் செகண்ட் 22, குவாட்ரோஃபோனிக் 8, கிட்டார் 10, செல்லோ 10, டெனர் பாஸும் பாஸும் சேர்த்து 12, தாளப் பிரிவு 14. உங்களிடம் 40 பேர்தான் என்றால் டெனரைத்தான் முதலில் குறையுங்கள். பாஸில் ஒருவரைக் குறைத்தாலும் திறந்தவெளியில் அது உடனே தெரிந்துவிடும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

அந்த ஆண்டு கார்னிவலுக்கு வந்த பாட்டுகளில் பலவற்றைக் கேட்டு மூன்று நான்கைப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றின் சரணத்தையும் பல்லவியையும் வார்த்தை இல்லாமல் ஹம் செய்து பாருங்கள். பாடகரின் குரலும் வரிகளும் போனபிறகு மெட்டு தனியாக நிற்கிறதா? ஒரே ஸ்வரத்தில் வேகமாக வசனம்போல் பேசும் சோகா பாட்டு மேடையில் ஊரையே ஆட்டும், பானில் வாசித்தால் வெறும் தட்டலாகப் போகும். நான்கைந்து ஸ்வரத்தில் பச்சென்று ஒட்டிக்கொள்ளும் ஒரு துணுக்கு பல்லவியில் இருக்க வேண்டும். சரணத்துக்கும் பல்லவிக்கும் கார்டு நடை வேறுபட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எட்டு நிமிடத்துக்குச் சரக்கு இருக்கிறது.

பான் வாசிப்பை மனத்தில் வைத்தே எழுதிய கலிப்ஸோ மேதை லார்ட் கிச்சனர். பனோரமாவில் அதிக முறை வென்றவை அவருடைய பாட்டுகள்தான். 1972இல் ரே ஹோல்மன், ஸ்டார்லிஃப்ட் குழுவுக்காகப் பிறர் பாட்டை எடுக்காமல் தானே ஒரு பாட்டு இயற்றிக் கொண்டுவந்தார். அப்போது பெரிய எதிர்ப்பு கிளம்பியது, இன்று சொந்தப் பாட்டு சாதாரணம். ஆனாலும் முதல்முறை எழுதுபவர்கள் ஊருக்குத் தெரிந்த பாட்டையே எடுப்பது நல்லது. கேட்பவருக்கு மூலம் தெரிந்திருந்தால்தான் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பது புரியும்.

நேரக் கணக்கு

ஒரு ஸ்வரமும் எழுதுமுன் இதைச் செய்துவிடுங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 125 தட்டு என்று வைப்போம். எட்டு நிமிடத்துக்கு 1,000 தட்டு. நான்கு தட்டு ஒரு பார் என்றால் 250 பார். 242 பார் எழுதினால் ஏழே முக்கால் நிமிடம், பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் மேடையில் வேகம் 120ஆகக் குறைந்தால் அதே 242 பார் 8 நிமிடம் 4 நொடி ஆகிவிடும். நேரம் தாண்டினால் புள்ளி கழிப்பார்கள். 236 பார் எழுதுங்கள். 125இல் 7 நிமிடம் 33 நொடி, 120இல் 7 நிமிடம் 52 நொடி. இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

அந்த 236ஐ இப்படிப் பிரிக்கலாம்: முகப்பு 20, சரணமும் பல்லவியும் முதல்முறை 40, இரண்டாம் முறை, மாற்றங்களோடு 40, பாலம் 8, வேறு சுருதியில் மூன்றாம் முறை 40, மைனர் பகுதி 28, ஜாம் (சுழலும் கார்டு நடைமேல் தாளத் துணுக்குகள் மோதும் பகுதி) 24, மூலத்துக்குத் திரும்புதல் 24, முடிப்பு 12. இது ஒரு தொடக்கம் மட்டுமே. ஜாம் முன்னால் வரலாம், மைனர் பகுதி இரண்டாகப் பிரியலாம். ஆனால் எந்தப் பகுதியும் 40 பாருக்கு மேல் ஒரே நிறத்தில் ஓடக் கூடாது. கேட்பவரின் கவனம் அங்கே கழன்றுவிடும்.

முகப்பும் முதல் சொல்லலும்

முகப்பின் ஒவ்வொரு துணுக்கும் பாட்டிலிருந்து பிறந்ததாக இருக்கட்டும். பல்லவியின் கொக்கியை, அதாவது மனத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் துணுக்கை எடுத்து, மெதுவாக்கி, பாஸில் தொடங்கி மேலே ஏற்றலாம், அல்லது முழுக் குழுவும் ஒரே அடியாக அடித்துத் தொடங்கலாம். பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஆர்ப்பாட்டமான முகப்பை ஒட்டவைப்பது பரவலான தவறு. நடுவர் அதைத் தனித் துண்டாகத்தான் கேட்பார். இருபது பாரில் முகப்பு முடியவில்லை என்றால் வெட்டுங்கள்.

அடுத்து வரும் 40 பாரில் எந்த வித்தையும் வேண்டாம். டெனர்கள் மெட்டை அப்படியே சொல்லட்டும், டபுள் டெனர் அதே மெட்டில் கூட வரட்டும். டபுள் செகண்ட் கீழே துணைக்குரலாக மூன்றாம், ஆறாம் இடைவெளியில் ஒட்டிப் போகட்டும். கிட்டாரும் செல்லோவும் தட்டுக்கு இடையில் விழும் ‘ஸ்டிரம்’ போடட்டும். டபுள் டெனரைச் சேர்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சவானாவில் காற்று வீசினால் டெனரின் மேல் ஸ்தாயி மெலிந்துபோகும். அதே மெட்டுக்கு நடு ஸ்தாயியில் ஒரு தாங்கு இருந்தால் தூரத்திலும் கேட்கும்.

உருமாற்றம்: வேலையின் மையம்

இசைக்கோப்புக்கான 40இல் பெரும் பங்கு இங்கேதான் வெல்லவோ தோற்கவோ படுகிறது. ஒரு சிறு துணுக்கை எடுத்துச் செய்துகாட்டுவோம். பல்லவியின் கொக்கி மேஜர் ஸ்கேலில் ‘ஸ ரி க ப – க’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு படி ஏற்றிச் சொன்னால் ‘ரி க ம த – ம’. ஏணிபோல இரண்டு மூன்று தடவை ஏற்றலாம். நான்காவது தடவையில் சலிக்கும். தலைகீழாகத் திருப்பினால், மேலே போன அளவு கீழே: ‘ஸ நி த ம – த’. டெனர் நேராகச் சொல்ல, செல்லோ தலைகீழாகப் பதில் சொல்வது அழகான உரையாடல். வாலை மட்டும் வெட்டி எடுத்தால் ‘க ப – க’. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜாமுக்கான தாளத் துணுக்காக்கலாம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரு மடங்கு நீட்டி பாஸுக்குக் கொடுத்தால், மேலே டெனர் வேறெதையோ வாசித்தாலும் அடியில் பாட்டு ஊர்ந்துகொண்டே இருக்கும். ‘தட்டில் விழுவதை’ அரைத் தட்டு தள்ளிப் போடுவது இன்னொன்று. மெட்டு மாறாது, ஆட்டம் மாறும்.

கர்நாடக இசையில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமில்லை. அங்கே பாடகர் சாகித்திய வரியைக் கைவிடாமல் சுற்றிச் சுற்றி வருவார். இங்கே அந்த வரியின் இடத்தில் கொக்கி இருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்: இது கணநேரக் கற்பனை இல்லை, நூறு பேர் ஒரேபோல் வாசிக்க வேண்டிய எழுத்து.

எத்தனை உத்தி? எட்டு நிமிடத்துக்கு ஐந்து அல்லது ஆறு போதும், அவற்றை ஆழமாகப் பயன்படுத்துங்கள். இருபது உத்தியைத் தொட்டுத் தொட்டுவிட்டுப் போவதில் எதுவும் மனத்தில் தங்காது.

கார்டுகளை மாற்றுவது. சி – சி – எஃப் – ஜி என்று போகும் நான்கு பாரை சி – ஏ மைனர் 7 – டி மைனர் 7 – ஜி 7 என்று மாற்றினால் அதே மெட்டுக்கு வேறு ஒளி கிடைக்கும். ஏ மைனருக்குப் பதில் ஏ 7 போட்டால் இன்னும் உந்துதலாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் மெட்டு ‘சி’யில் நின்றால், ஏ 7க்குள் இருக்கும் சி ஷார்ப்போடு முட்டும். நூறு பானில் அந்த முட்டல் மிகக் கூர்மையாகக் கேட்கும். ஒவ்வொரு புதுக் கார்டின் மேலும் மெட்டின் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தையும் வைத்துச் சோதிக்காமல் விடாதீர்கள். முதல் சொல்லலில் கார்டை மாற்ற வேண்டாம், இரண்டாம் முறையிலிருந்து மாற்றலாம்.

சுருதி மாற்றம். புதுச் சுருதியின் ஐந்தாம் கார்டில் இரண்டு பார் நின்று நுழைவது எளிமையான வழி, தெளிவாகவும் இருக்கும். நுழையுமுன் இரண்டு கணக்குப் பாருங்கள். புதுச் சுருதியில் மெட்டின் உச்ச ஸ்வரம் டெனரில் இருக்கிறதா? பாஸின் அடி ஸ்வரம் சிக்ஸ் பாஸில் இருக்கிறதா? 18 ஸ்வரம்தான் என்பதால், பி ஃபிளாட்டுக்குக் கீழே போக வேண்டிய வரி திடீரென ஒரு ஸ்தாயி மேலே தாவும், பாஸ் வரியின் வடிவமே உடைந்துபோகும். எட்டு நிமிடத்தில் இரண்டு சுருதி மாற்றம் தாராளம்.

மைனர் பகுதி. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போனால் ஸ்வரங்கள் அதே, மனநிலை மட்டும் வேறு. வாசிப்பவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சி மைனருக்குப் போனால் காந்தாரமும் தைவதமும் இறங்க வேண்டும், பெரும்பாலும் நிஷாதமும். மெட்டு அடையாளம் தெரிந்தபடியே இருண்டு போகும், மனத்தைத் தொடுவது இதுதான். ஆனால் கை பழகிய பாதையில் ஈயை விட்டு ஈ ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். பழைய பாதையில் போய்விடும் கைகள் ஐந்தாறு இருந்தாலும் பகுதி முழுவதும் கலங்கும். பயிற்சிக்கு இரண்டு இரவு கூடுதலாக ஒதுக்குங்கள். இங்கே ஒலியையும் குறையுங்கள். எட்டு பார் மெல்ல வாசித்து மெல்ல ஏறுவது, மேலே சேர்க்கும் எந்த வேக ஓட்டத்தையும்விட அதிகம் பேசும்.

வேக ஓட்டங்களும் ஜாமும்

புதியவர்களை மயக்குவது ஓட்டம். கணக்கைப் பாருங்கள்: 125 வேகத்தில் ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நிமிடத்துக்கு 500, நொடிக்கு எட்டுக்கு மேல். முப்பது டெனர் அதை ஒரே கோட்டில் வாசிப்பது கடினம். திறந்தவெளியில் இன்னும் கடினம். ஓட்டத்தை ஒன்றிரண்டு பாருக்குள் முடியுங்கள். வலுவான தட்டில் ஒரு கார்டு ஸ்வரத்தில் இறக்குங்கள், பின்னால் அரை பாராவது மூச்சு விடுங்கள். எங்கும் இறங்காத அரை ஸ்வர ஓட்டம் நிரப்பி மட்டுமே, நடுவர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

தூரமும் ஒரு சிக்கல். குழு 30 மீட்டர் அகலத்துக்குப் பரவி நின்றால், ஒரு கோடியின் ஒலி மறுகோடிக்குப் போக ஏறத்தாழ 0.09 நொடி. 125 வேகத்தில் கால் தட்டின் நீளமே 0.12 நொடிதான். ஆக, எதிர்க்கோடியில் இருப்பவரைக் காதால் பின்தொடர்ந்தால் கால் தட்டில் முக்கால் பங்கு பிந்திவிடுவீர்கள். தாளப் பிரிவை நடுவில், உயரத்தில் வைப்பது இதற்காகத்தான். மேடையின் இரு ஓரங்களுக்கு இடையே வேகமான கேள்வி-பதில் எழுதாதீர்கள். அடுத்தடுத்து நிற்கும் பிரிவுகளுக்குள் எழுதுங்கள்.

ஜாம் என்பது இரண்டு அல்லது நான்கு பார் கார்டு நடை திரும்பத் திரும்பச் சுழல, மேலே தாளத் துணுக்குகள் மோதும் இடம். கூட்டம் குதிக்க வேண்டியது இங்கே. ஒவ்வொரு எட்டு பாருக்கும் ஒன்றைச் சேருங்கள் அல்லது எடுங்கள்: முதல் எட்டில் பாஸும் ஸ்டிரமும் முன்னால், அடுத்த எட்டில் டபுள் செகண்ட் ஒரு துணுக்கைப் போட, மூன்றாவதில் டெனர் அதற்கு எதிராக. எல்லாரும் எல்லா நேரமும் வாசித்தால் ஜாம் சுவராகிவிடும்.

தாளப் பிரிவை ‘எஞ்சின் ரூம்’ என்பார்கள். டிரம் செட், கோங்கா, காரின் பிரேக் டிரம்மை அடித்து எழுப்பும் அயர்ன், ஸ்கிராட்ச்சர், மணி எல்லாம் சேர்ந்தது. இவர்களுக்கும் எழுத வேண்டும். எங்கே எல்லாரும் நிற்க வேண்டும், எங்கே அயர்ன் மட்டும் ஓட வேண்டும், எந்தப் பாலத்தில் டிரம் எதை அடித்து அடுத்த பகுதியைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாக வேண்டும். ‘அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் தாளம் கனத்து மெட்டை மூடிவிடும்.

கேட்டுக் கற்க மூன்று பதிவுகள் சொல்லலாம். 1980இல் டிரினிடாட் ஆல் ஸ்டார்ஸ் வென்ற ‘உமன் ஆன் த பாஸ்’, அரேஞ்சர் லியோன் எட்வர்ட்ஸ். 1983இல் டெஸ்பரேடோஸ் வென்ற ‘ரெபெக்கா’, அரேஞ்சர் கிளைவ் பிராட்லி. 1996இல் ரெனிகேட்ஸ் வென்ற ‘பான் இன் எ ரேஜ்’, அரேஞ்சர் ஜித் சமரூ. இந்திய வம்சாவளியில் வந்த சமரூ ரெனிகேட்ஸுக்கு ஒன்பது பனோரமா வென்று தந்தவர். 1995, 1996, 1997 மூன்றும் தொடர் வெற்றி. ஒவ்வொன்றையும் கையில் கடிகாரத்தோடு கேளுங்கள். பாட்டு எந்த நொடியில் எந்தப் பிரிவின் கையில் இருக்கிறது என்று தாளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். கோடு எங்கும் அறுந்துபோகாமல் வருகிறதா என்று பாருங்கள்.

குழுவுக்குக் கற்றுக்கொடுப்பது

குழு பயிற்சி செய்யும் இடமான பான்யார்டில் கற்பிப்பது காதும் கண்ணும் வழியாகத்தான். ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் முதலில் நான்கு அல்லது எட்டு பாராகக் கொடுங்கள், அவர்கள் தம் பிரிவுக்குக் கொடுப்பார்கள். ஓர் இரவுக்கு 16 முதல் 24 பார் என்றால் 236 பாருக்குப் பத்து முதல் பதினைந்து இரவு. மறந்ததைத் திருப்பிச் சொல்லும் நாட்களைச் சேர்த்தால் மூன்று வாரம். முதல் சுற்றுக்குப் பத்து நாள் முன்பே எலும்புக்கூடு முழுதும் கையில் இருக்க வேண்டும். அலங்காரத்தைப் பிறகு மாட்டலாம். கடைசிப் பகுதியைக் கடைசி வாரத்தில் எழுதும் பழக்கம் பல குழுக்களைக் கவிழ்த்திருக்கிறது: முதல் நான்கு நிமிடம் பளிச்சென்று இருக்கும், ஜாமுக்குப் பிறகு கைகள் தேடும்.

வேகத்தை 80இல் தொடங்கி ஒவ்வொரு இரவும் ஐந்தைந்தாக ஏற்றுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இணைப்புகள். ஒரு பகுதியின் கடைசி இரண்டு பாரும் அடுத்ததன் முதல் இரண்டு பாரும் சேர்ந்த நான்கை மட்டும் இருபது தடவை ஓட்டுங்கள். பகுதிகளுக்குள் குழு அபூர்வமாகத்தான் உடையும், மூட்டுகளில்தான் உடைகிறது.

கார்னிவல் நேரத்தில் ஆண்டு முழுதும் வாசிப்பவர்களோடு புதியவர்களும் வந்து சேருவார்கள். கடினமான ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு வடிவம் வைத்திருங்கள். ஒன்று முழு ஓட்டம். மற்றது தட்டில் விழும் ஸ்வரங்கள் மட்டும். முப்பது டெனரில் பதினெட்டுப் பேர் முழுதாகவும் பன்னிரண்டு பேர் தட்டு ஸ்வரங்களையும் வாசித்தால், முப்பது பேரும் முழுதாக முயன்று கலங்குவதைவிடத் தெளிவாக ஒலிக்கும். இதில் யாருக்கும் குறைவு இல்லை. குழுவுக்குச் சொல்லும்போதும் அந்த மரியாதையோடு சொல்லுங்கள்.

உற்சாகத்தில் பலமாக அடிப்பதை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்துங்கள். ஒரு எல்லைக்கு மேல் அடித்தால் பான் உரக்க ஒலிப்பதில்லை, பிளந்து ஒலிக்கும்; சுருதியும் கலையும். கலைந்ததை மேடையில் சரிசெய்ய முடியாது. சுத்தியல் பிடிக்கும் டியூனர்தான் வர வேண்டும். அரையிறுதிக்குப் பிறகு ஒருமுறை அவரை அழைத்து எல்லாப் பானையும் பார்க்கச் சொல்லுங்கள். குச்சி முனையின் ரப்பர் தேய்ந்திருந்தால் நாதம் உலோகமாகக் கீச்சிடும். டெனருக்கு மெல்லிய ரப்பர், பாஸுக்குப் பெரிய பஞ்சு ரப்பர் பந்து. எல்லாவற்றையும் மாற்றி, கையிருப்பாகச் சில ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நடுவர் குறிப்பு கிடைத்தால் வாசித்து, சேர்ப்பதற்கு முன் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். பாட்டை அறிந்த, குழுவில் இல்லாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, கூடவே பாடச் சொல்லுங்கள். அவர் பாட முடியாமல் நின்றுபோகும் இடம் எதுவோ அங்கே மெட்டு தொலைந்திருக்கிறது. அந்த நான்கு பாரில் ஏதேனும் ஒரு பிரிவின் கையில் கொக்கியைக் கொடுங்கள். இறுதிச்சுற்றுக்கு மூன்று நாள் முன்பு மாற்றங்களை நிறுத்திவிடுங்கள்.

முடிப்பைப் பற்றி ஒரு நுணுக்கம். கடைசி 12 பார் ஏறிக்கொண்டே போய், எல்லாரும் ஒரே கார்டில் உருட்டி, ஓர் அடியில் வெட்டுவது வழக்கம். பான்களின் ரீங்காரம் வெட்டுக்குப் பிறகும் நிற்கும் என்பதால், கடைசிக் கார்டில் பாஸுக்கு ஆதார ஸ்வரத்தை மட்டும் கொடுங்கள், மேல் பான்களுக்குக் காந்தாரத்தைக் கொடுங்கள், கார்டில் ஏழாம் ஸ்வரத்தை விடுங்கள். வெட்டும் அடிக்கான சைகை ஒரே ஒருவரிடமிருந்து, தாளப் பிரிவின் உயரத்திலிருந்து வரட்டும். பின்வரிசை பாஸ்காரர்களுக்கு அவர் முழுதாகத் தெரிகிறாரா என்று முன்னரே நின்று பாருங்கள். அடித்தபின் ரீங்காரம் அடங்கும்வரை யாரும் குச்சியைப் பான் மேல் வைக்கக் கூடாது.